‘ம்’ கொட்டுவது யார்?

கைக்கு வேலை உண்டு. கண்ணுக்கு வேலை உண்டு. காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது! கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வரிசையாக உட்கார்ந்து குச்சியைப் பெட்டிக்குள் அடைத்துக்கொண்டிருக்கும் நம் தாய்மாரைப் பாருங்கள். (அரசாங்கம் தன் ஏட்டில் ‘தொழிற்சாலை’ என்று எழுதும். கரிசல் சீமையில் அதற்கு ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர். மேசையும் இல்லை, நாற்காலியும் இல்லை, அப்படியொரு ஆபீஸ்!) விரல் பறக்கிறது. விழி விரலை விட்டு அகலவில்லை. அகன்றால் அன்றைய கூலியும் அகலும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் மடியிலே ஏட்டை விரித்து வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. ஆனால் பக்கத்திலே கிடக்கும் கைபேசி கதை சொன்னால் கேட்க முடியும். கேட்கிறார்கள், தோழர்களே, கேட்கிறார்கள்! வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவர் கேட்கிறார். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர் கேட்கிறார். இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர் கேட்கிறார். மில் தொழிலாளிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. எந்திர இரைச்சலிலே எந்த இளவரசி அழுதாலும் காதில் விழாது. மருந்து முக்கும் இடத்திலும் கைபேசிக்கு வேலை இல்லை. அங்கே கதையை விட உயிர் பெரிது.

ஒலிநூல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விரலால் ஒரு தட்டு. குரல் பேசத் தொடங்குகிறது. கடை நிறையச் சரக்கு இருந்தாலும் விலை போவது மூன்று சரக்கு: மாயக்கதை, மையல்கதை, மர்மக்கதை. மந்திரவாதியும் உண்டு, மாளிகைக் காதலனும் உண்டு, மாடிப்படியிலே பிணமும் உண்டு!

“கேட்பதெல்லாம் படிப்பாகுமா?” என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கேட்டறிவது கல்லாதவனுக்குப் போடும் பிச்சை என்று அவர் கருதியிருந்தால், கல்விக்கு அருகிலேயே அதற்கு ஆசனம் போட்டிருப்பாரா?

வள்ளுவர் வரைக்கும் போவானேன்? நம் கழகக் கிளைகளின் பழைய கதையைக் கேளுங்கள். 1951 கணக்கெடுப்பில் இந்திய நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 18 பேர்தான். மற்ற 82 பேருக்கும் அரசியல் எப்படிப் போய்ச் சேர்ந்தது? தேநீர்க் கடையிலே ஒருவர் படித்தார். சுற்றி நின்றவர்கள் கேட்டார்கள். முடிதிருத்தும் நிலையத்திலே ஒருவர் படித்தார். முகத்திலே சோப்பு நுரையோடு இன்னொருவர் கேட்டார். படிப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டிய கீற்றுக் கொட்டகை பாதி நேரம் கேட்பகமாகத்தான் இருந்தது! ஏடு ஒன்று, காது ஐம்பது. அப்படிக் காதாலே கற்றவர்கள் ஓர் ஆட்சியையே மாற்றினார்கள். கேட்பது படிப்பல்ல என்று நம்மிடம் வந்து சொல்லலாமா?

கடல் கடந்தும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. கியூபா நாட்டின் ஹவானா நகரம். 1865-ஆம் ஆண்டு. ‘எல் பிகாரோ’ என்ற சுருட்டுத் தொழிற்சாலை. நூற்றுக்கணக்கானவர் குனிந்த தலை நிமிராமல் புகையிலை சுருட்டுகிறார்கள். நடுவிலே உயரமாக ஓர் இருக்கை. அதில் ஒருவர் அமர்ந்து உரக்கப் படிக்கிறார். காலையிலே நாளேடு, பிறகு நாவல். அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தது? முதலாளியா? இல்லை! தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுக் கொடுத்தார்கள். எந்த நாவல் என்பதை அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். ஆண்டவர்களுக்கு அது பொறுக்குமா? மறு ஆண்டே, 1866-இல், ஸ்பானிய ஆட்சி தடை போட்டது. கதை கேட்டவன் கேள்வி கேட்பான் என்ற அச்சம்! தடை நிலைக்கவில்லை, வழக்கம் நிலைத்தது. பிரெஞ்சு எழுத்தாளர் டூமா எழுதிய ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ கதை, வஞ்சகத்தால் சிறைப்பட்டவன் தப்பி வந்து பழிதீர்க்கும் கதை, அந்தத் தொழிலாளர்களின் உள்ளத்தை அப்படிக் கவ்விக்கொண்டது. 1935-இல் பிறந்த ஒரு சுருட்டு வகைக்கே ‘மாண்டிகிறிஸ்டோ’ என்று பெயர் விழுந்தது. மர்மமும் மாயமும் மையலும் கலந்த சரக்குதான் அதுவும்! ஆனால் தேர்ந்தெடுத்தவர் தொழிலாளர். அமெரிக்காவின் டாம்பா நகரில் குடியேறிய சுருட்டுத் தொழிலாளர்களும் இதே வழக்கத்தைக் கொண்டு போனார்கள். 1931-இல் அங்கிருந்த முதலாளிகள் படிப்பவரை விரட்டினார்கள். பிறகு அந்த இடத்தில் வானொலிப் பெட்டி வந்தது. படிப்பவர் தொழிலாளியின் ஆள். பெட்டி யாருடைய ஆள்? இந்த இடத்தை நினைவில் வையுங்கள், தோழர்களே. மறுபடி இங்கே வருவோம்.

நம் பக்கத்து வீட்டிலும் உண்டு. கேரளத்துக் கண்ணூரில் 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவில் ஒருவர் படிக்க மற்றவர் பீடி சுற்றினார்கள்.

இனி கரிசலுக்கு வருவோம். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கால் புதையும். காய்ந்தால் கால் உள்ளே போகிற அளவு வெடிக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் விளைந்தால் விளைந்தது. இல்லையென்றால் கதைதான் விளைச்சல்! கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்ற சிற்றூர். அங்கேதான் கு. அழகிரிசாமி, அங்கேதான் கி. ராஜநாராயணன். ஒரே தெருப் புழுதியில் வளர்ந்த இருவரும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர்கள். அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டுப் பரிசு. ராஜநாராயணனுக்கு 1991-இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு. அந்த ராஜநாராயணன் ஊர் ஊராகச் சொல்லப்பட்ட கதைகளைத் திரட்டினார், கரிசல் பேச்சுக்கென்றே அகராதி தொகுத்தார், புதுவைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. 2021-ஆம் ஆண்டு மே 17-இல் அவர் மறைந்தபோது, தமிழ்நாட்டரசு மரியாதையோடு இடைசெவல் மண்ணிலே அவரை அடக்கம் செய்தார்கள். எழுதிய மனிதர்தான், ஆனால் அவர் எழுத்து கேட்ட எழுத்து. பாட்டி சொன்னதை, களத்துமேட்டில் கிழவர் சொன்னதை, காது பிடித்துக் கை எழுதியது.

கரிசலில் கதை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. சொல்கிறவர் ஒருவர், ‘ம்’ கொட்டுகிறவர் ஒருவர். ‘ம்’ நின்றால் கதை நிற்கும்! “என்னடா, தூங்கிட்டியா?” என்று பாட்டி கேட்பாள். அந்த ஒற்றை எழுத்திலே எத்தனை செய்தி தெரியுமா? ஓங்கிச் சொன்னால் ‘மேலே போ’. இழுத்துச் சொன்னால் ‘நம்ப முடியவில்லையே’. மெதுவாகச் சொன்னால் ‘கண் கலங்குகிறது, கொஞ்சம் நிறுத்து’. பாட்டி அதைக் கேட்டுக் கதையை நீட்டுவாள், சுருக்குவாள், செத்தவனை எழுப்பியும் விடுவாள். கைபேசிக் கதைக்கு ‘ம்’ கொட்டிப் பாருங்கள். அதற்குக் காது இல்லை!

வானொலிக்கும் காது இல்லைதான். ஆனாலும் கரிசல் அதைக் கட்டிக்கொண்டது. இலங்கை வானொலி அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. 1963 டிசம்பரில் திருநெல்வேலி நிலையம் வந்தது. திரைப்படத்தின் ஓசையை மட்டும் ஒலிபரப்பும் ஒலிச்சித்திரம் வரும் நேரத்தில் தெருவே ஒரு பெட்டியின் முன் கூடியது. படம் பார்க்கக் காசில்லாதவன் காதாலே பார்த்தான். கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியிலே ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனம் முழங்கும். படம் 1959-இல் வந்தது; 1799-இல் அவரைத் தூக்கிலிட்ட கயத்தாறோ கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். எழுதப் படிக்கத் தெரியாத கிழவர்கூட வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார். அந்த இசைத்தட்டை ஒலிநூல் என்று அன்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்!

இன்றைய ஒலிநூல் எப்படி இருக்கிறது? நாம் சொல்வதை விட நாள் தவறாமல் கேட்கிறவர் சொன்னால் பொருந்தும். கோவில்பட்டியிலே லாரி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். தீப்பெட்டிப் பண்டல் ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பப் பல நாள். அவரிடம் கேட்டோம்.

“மர்மக்கதைதான் தம்பி நமக்கு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கண்ணு சொருகும் பாத்துக்கோங்க, அப்ப எவனாவது ஒருத்தன் கதவத் தட்டணும், உள்ள பொணம் கெடக்கணும். தூக்கம் பறந்துரும்” என்றார். தமிழ்வாணனின் சங்கர்லால் காலத்திலிருந்து ராஜேஷ்குமார் வரைக்கும் அவருக்கு அத்துபடி. கோவைக்காரரான ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1500-க்கும் மேல். லாரி எவ்வளவு தூரம் போனாலும் கதை தீராது! ஆனால் அண்ணாச்சிக்கு ஒரு வருத்தம். “சிலபேரு கடைசிப் பத்து நிமிசத்துல, அதுவரைக்கும் கதையிலேயே இல்லாத ஒருத்தனக் கொண்டாந்து இவன்தான் கொலகாரன்ங்கான். இது நியாயமா? நம்மளையும் கொஞ்சம் துப்பறிய விடணும்லா!” புத்தகமென்றால் பின்பக்கம் புரட்டிப் பார்க்கலாம், ஓடுகிற லாரியில் புரட்டுவதெங்கே? ஆகவே துப்பு வரும் இடத்திலே குரல் ஓர் இம்மி நிதானிக்க வேண்டும் என்கிறார். நிதானிப்பதும் தெரியக்கூடாது, ஓடுவதும் கூடாது. படிப்பவரின் திறமை அங்கேதான் என்பது அவர் தீர்ப்பு. இதைவிட நல்ல விமரிசனத்தை நாம் எந்த ஏட்டிலும் படித்ததில்லை.

மாயக்கதை என்றதும் நாம் சற்றே வம்புக்கு இழுத்தோம். பேயும் பூதமும் நம்மவர் கேட்கலாமா? பகுத்தறிவு என்னாவது? அவர் சிரித்தார். “தம்பி, வேதாளம் பொய்யின்னு எனக்குத் தெரியாதாக்கும்? மரத்துல தொங்குன பொணம் பேசுமா? ஆனா அது கதையச் சொல்லி முடிச்சிட்டு ஒரு கேள்வி கேக்கும் பாருங்க. யாரு செஞ்சது நியாயம், யாருக்கு உரிமைன்னு. நான் பதில் சொல்லிப் பாப்பேன். ராசா வேற பதில் சொல்வாரு. பல நாளு என் பதிலுதான் சரின்னு படும்!”

மன்னனை மடக்கும் லாரி ஓட்டுநர்! விக்கிரமாதித்தன் கதையைப் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டு ஊர் ஊராய் விற்றார்கள். ஒருவர் படிக்க ஊரே கேட்டது. வேதாளம் பொய், கேள்வி மெய். இதில் நமக்கென்ன சச்சரவு? நம் சச்சரவெல்லாம் வேறொரு கூட்டத்தோடு. “இது உண்மைச் சம்பவம்” என்று தொடங்கி, குரலை நடுங்க வைத்து, பின்னாலே ஊளைச் சத்தம் சேர்த்து, இந்தப் பாலத்தில் பேய் நின்றது, அந்தப் புளியமரத்தில் மோகினி இருந்தது என்று இணையத்திலே அவிழ்த்துவிடுகிறார்களே, அவர்களோடு! கதை என்று சொல்லிப் பேயை விடு, கேட்டு ரசிக்கிறோம். செய்தி என்று சொல்லிப் பேயை விடாதே. அதைக் கேட்ட சிறுவன் இரவிலே வாசல் தாண்ட அஞ்சுகிறான், மறுநாள் அவன் அம்மா மந்திரிக்க அழைத்துப் போகிறாள், மந்திரிப்பவனுக்கு வருமானம். மாயக்கதைக்கும் மோசடிக் கதைக்கும் இடையே உள்ள வேலி இதுதான்.

பழைய பானையை உடைக்க வேண்டியதில்லை, அதிலே புதுச்சோறு வடிக்கலாம் என்று காட்டியவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1949-இல் அண்ணாவின் கதையில் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தாரே, நினைவிருக்கிறதா? வடிவம் காலட்சேபம், உள்ளே இருந்தது படிப்பு, இரயில், பட்டணம், பள்ளி! புராணத்துக்கு ‘ம்’ கொட்டிப் பழகிய காது அதற்கும் கொட்டியது.

மையல்கதைக்கு அண்ணாச்சி கையை விரித்துவிட்டார். அது மதினியின் இலாகா. மதினி திண்ணையிலே பெட்டி ஒட்டுகிறவர். ரமணிசந்திரன் பெயரைச் சொன்னாலே முகம் மலர்கிறது. குறையும் சொன்னார். ஒரே பெண் நாயகனுக்காகக் குரலைக் கட்டையாக்கிப் பேசினால் சிரிப்பு வருகிறதாம். அழுகிற இடத்தில் வயலினை வைத்து அழுத்தினால் சொல் காதில் விழுவதில்லையாம். “கன்னத்துல அறையுறவன எல்லாம் கதாநாயகன்னு சொல்லுதாக, எனக்குப் பிடிக்கல, அந்தக் கதைய நிப்பாட்டிருவேன்” என்றார். நாம் விடவில்லை. மாளிகை முதலாளி ஏழைப் பெண்ணை மணப்பது நடக்கிற காரியமா, அது பொய்யல்லவா என்றோம். ஒட்டிய பெட்டியை வெயிலுக்குத் தள்ளி வைத்துவிட்டு மதினி சொன்னார்: “நாளு பூராவும் நெசத்தத்தான பாக்கோம்? ஒரு மணி நேரம் பொய் கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?”

மதினி மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். இந்த வட்டாரத்துக்கு அதன் காரணம் தெரியும். விடியுமுன்னே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன வண்டிகளைக் கரிசல் மறந்துவிடவில்லை. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பள்ளியில் மதிய உணவு இருந்தது. மெல்ல மெல்ல வண்டிகள் நின்றன. மதினியின் மகள் பட்டம் பெற்றுவிட்டாள். ஆனால் அந்த வண்டியிலே போன தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களுக்கு எழுத்தைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். ஒலிநூல் அவர்களுக்குப் பொழுதுபோக்கா? பறிக்கப்பட்ட பள்ளிக்கூடத்தில் ஒரு பிடி, காது வழியாகத் திரும்பி வருகிறது! 1935-இல் இங்கிலாந்தில் பேசும் நூல்கள் முதன்முதலாக வந்தது யாருக்காக? போரிலே கண்ணிழந்தவர்களுக்காக. முதல் வரிசையில் வந்தவற்றுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் கொலைக்கதை! கண்ணிழந்தவனுக்கு வேதாந்தம் மட்டும் போதும் என்று அவர்கள் எண்ணவில்லை.

இப்போது டாம்பா நகரத்துப் பெட்டிக்கு வருவோம். கதைச் செயலிகள் சில, முதல் சில அத்தியாயங்களை இலவசமாகத் தருகின்றன. நாயகி கிணற்றங்கரையிலே வழுக்கும் நேரம் பார்த்து, “அடுத்ததைத் திறக்கக் காசு போடு!” என்கின்றன. போட்டால் விழ மாட்டாள், வழுக்கிக்கொண்டே இருப்பாள். அத்தியாயம் நூறு, இருநூறு, ஐந்நூறு! தீப்பெட்டி ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆக 14 ஆண்டு பிடித்தது. 2021 டிசம்பரில்தான் ஏறியது. அந்தப் பெட்டியை ஒட்டும் கையிலிருந்து, கிணற்றங்கரையிலே வழுக்கும் ஒருத்தியைக் காட்டிக் காசு கறக்கிறார்கள். எந்தக் கதை என்று முடிவு செய்வது தொழிலாளியா? இல்லை, கணக்குப் போடும் எந்திரம். இப்போது படிப்பதும் எந்திரம் ஆகி வருகிறது. கரிசல் பேச்சை அது படிக்கக் கேட்டோம். கம்மங்கஞ்சியைக் கரண்டியால் அளந்து ஊற்றியது போல் இருந்தது!

வழி இல்லையா? உண்டு. பாரதியின் எழுத்து 1949-இலேயே அரசுடைமை ஆனது. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமை ஆயின. ‘பொன்னியின் செல்வன்’ பம்பாய் கண்ணன் முயற்சியில் பல குரல்களோடு வந்ததும், இன்னும் எத்தனையோ பேர் படித்துப் பதிவிட்டதும் தெரியும். கலைஞரின் நூல்களும் 2024-இல் நாட்டுடைமை ஆயின. நாட்டுடைமை என்றால் என்ன பொருள்? கிளைக் கழகத்தில் நன்றாகப் படிக்கும் ஒரு தோழர் கைபேசியை முன்னே வைத்து உரக்கப் படித்துப் பதிவு செய்து ஊருக்கே கொடுக்கலாம். யாரும் காசு கேட்க முடியாது. (நாட்டுடைமை ஆகாத நூலுக்கு எழுதியவரின் இசைவு வேண்டும், அவர் உழைப்பும் உழைப்புதான்.) படிப்பதற்குப் பதிலாகக் கதையாகவே சொல்லலாம், திருவண்ணாமலை பவா செல்லதுரை மேடையில் நின்று சொல்கிறாரே, கையில் தாள் உண்டா?

இதை அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் சொன்னோம். படிப்பகத்திலே வாரம் ஒரு மாலை. கதையை வாக்கெடுத்து முடிவு செய்வது. ஒருவர் படிக்க, மற்றவர் ‘ம்’ கொட்ட. அண்ணாச்சி வேதாளத்துக்கு வாக்களித்தார். மதினி ‘கதவு’ என்றார். ராஜநாராயணனின் அந்தச் சிறுகதையை யாரோ படித்து அவர் கேட்டிருக்கிறார். தீர்வை கட்டாத ஏழை வீட்டின் கதவைக் கழற்றிக் கொண்டுபோகிறார்கள். அதிலே ஏறி விளையாடிய பிள்ளைகள் பின்னொரு நாள் சாவடியிலே அந்தக் கதவைக் கண்டு கட்டிக்கொள்கிறார்கள். மாயம் இல்லை, மையல் இல்லை, மர்மம் இல்லை. அன்று பசை காய்ந்து போய்ப் பத்துப் பெட்டி வீணானதாம்.

“வாக்கெடுப்பு இருக்கட்டும் தம்பி” என்றார் மதினி, “ஒங்க படிப்பகம் சாயங்காலம் பூரா சீட்டாட்டக்காரக கையிலதான கெடக்கு? பொம்பளைக நாங்க எங்க உக்காருறது?”

வரும் கிளைக் கூட்டத்தில் முதல் பொருளாக இதை வைத்திருக்கிறோம்.